குடிலைக் காக்கும் சிற்றுயிர்கள்

மிளகாயைக் கடித்தவர்க்கு நா எரியும். கண்ணில் நீர் பெருகும். இத்துணைக் காரமுடைய செடியை எந்தப் பூச்சியும் நெருங்காது என்றே எண்ணத் தோன்றும். ஆயின் உண்மை அதற்கு மாறானது. மிளகாயின் காரம் பெரும்பாலும் காயினுள்ளே விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறத் தசையில் தங்கியுள்ளது. இலையிலும் தளிரிலும் காரம் இல்லை என்றே கூறலாம். ஆதலால், சாறு உறிஞ்சும் சிற்றுயிர்களுக்கு மிளகாய்ச்செடி ஓர் அறுசுவை விருந்தாகவே அமைகிறது.

அச்சிற்றுயிர்களுள் முதலில் வருவது அசுவினி. அது இளந்தளிரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈன்று சில நாளில் பெருங்குடும்பமாகும். அடுத்து வருவது வெள்ளை ஈ. செடியைச் சற்றே அசைத்தால் வெண்துகள் போல் எழுந்து பறந்து, மீண்டும் இலையின் அடிப்புறத்தில் அமரும். மூன்றாவது இலைப்பேன். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள இவ்வுயிர் தளிரையும் பூவையும் சுரண்டிச் சாற்றைக் குடிக்கும். அத்துடன் செடிகளுக்கு நோய் தரும் நச்சுயிரிகளையும் சுமந்து செல்லும். நான்காவது சிலந்திப்பேன். இலையின் கீழே நுண்ணிய நூலாம்படை பின்னி, இலையை வெளுக்கச் செய்வது இதன் தொழில்.

திறந்த வயலில் இப்பகைவர்க்கும் பகைவர் உண்டு. பொறிவண்டு அசுவினியைத் தின்னும். சிறு குளவிகள் அதன் உடலுள் முட்டையிடும். மழையும் காற்றும் பலவற்றை அடித்துச் செல்லும். பசுமைக்குடிலின் நிலையோ வேறு. குளிரையும் காற்றையும் தடுத்து, வெப்பத்தைத் தேக்கிவைத்து, பருவமல்லாப் பருவத்திலும் காய் பெறுவதற்கென்று மனிதன் அமைத்துக்கொண்ட வீடு அது. கதவுக்கு உள்ளே மற்றொரு கதவு வைத்தும், காற்றுப் புகும் வழிகளில் நுண்ணிய வலை கட்டியும் பூச்சிகளைத் தடுக்க முயல்வர். ஆயினும் நாற்றோடு ஒட்டிக்கொண்டோ, வேலையாளின் ஆடையைப் பற்றிக்கொண்டோ ஒரு பூச்சி உள்ளே புகுந்துவிட்டால் போதும். மழை இல்லை, பகைவர் இல்லை, உணவுக்குக் குறைவில்லை. செடிக்காகக் கட்டிய வீடு பூச்சிக்கு அரண்மனையாகிவிடும். பகையைத் தடுத்த கதவே நட்பையும் தடுத்துவிட்டது என்பதே இதன் உட்பொருள்.

இவ்வுண்மையைப் பெருந்துன்பத்தின் வாயிலாகக் கற்றவர் ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா உழவர். அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில், கடலோரமாக அமைந்த வறண்ட நிலம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே அங்குப் பெய்யும். நிலத்தடி நீரைக் கொண்டும், மண்ணின்மேல் எருவையும் மணலையும் பரப்பி ஈரம் காத்தும் அவ்வுழவர் பயிர் செய்யக் கற்றனர். 1960களில் பிளாஸ்டிக் தாள் வேய்ந்த குடில்கள் அங்கே தோன்றத் தொடங்கின. இன்று அவை ஏறத்தாழ 30,000 எக்டேர் பரப்பில் வெண்கடல் போல் விரிந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சிறு குடும்பங்களுக்கு உரியவை. வட ஐரோப்பா பனியில் உறைந்து கிடக்கும் மாதங்களில், இக்குடில்களின் காய்களே அந்நாட்டு மக்களின் உணவு மேசையை அடைகின்றன.

அங்கு விளையும் மிளகாயில் பெரும்பகுதி காரமற்ற குடைமிளகாய். ஆயினும் நாம் சமையலுக்கு வழங்கும் கார மிளகாயும் குடைமிளகாயும் ஒரே இனச் செடிகளே. இரண்டின் தாயகமும் அமெரிக்கக் கண்டம். கொலம்பசின் கடற்பயணத்திற்குப் பின் மிளகாய் முதலில் ஸ்பெயினுக்கு வந்தது. பின்னர்ப் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவை அடைந்தது. உடன்பிறந்த இச்செடிகளுக்குப் பகைவரும் பொதுவானவரே.

1980களில் வட அமெரிக்காவிலிருந்து ஒருவகை இலைப்பேன் ஐரோப்பாவில் நுழைந்து, விரைவில் அல்மேரியாவையும் அடைந்தது. உழவர் மருந்து தெளித்தனர். இலைப்பேன் பூவின் மடிப்புகளுக்குள் ஒளிந்துகொண்டது. மருந்துக்கு இறவாது எஞ்சிய சில பூச்சிகள் தம்மைப் போன்ற வலிய குஞ்சுகளைப் பெருக்கின. அடுத்த முறை அதே மருந்து பயன்படவில்லை. மருந்தின் வகையை மாற்றினர். தெளிக்கும் நாள்களைக் கூட்டினர். மூடிய குடிலின் வெப்பத்தில் நச்சுக்காற்றைச் சுவாசித்தவர் அங்கு வேலை செய்த மக்களே. செலவு ஏறியது, பூச்சியோ குறையவில்லை.

இந்நிலையில் 2006ஆம் ஆண்டின் இறுதியில் இடி ஒன்று விழுந்தது. ஐரோப்பாவில் பயன்படுத்த ஒப்புதல் இல்லாத பூச்சிக்கொல்லி ஒன்றின் எச்சம் ஸ்பெயின் மிளகாயில் கலந்திருப்பதை ஜெர்மனியின் சோதனைக் கூடங்கள் கண்டறிந்தன. செய்தி எங்கும் பரவிற்று. வாங்குவோர் அஞ்சினர், வணிகர் பின்வாங்கினர். தவறு செய்தவரோடு தவறு செய்யாதவரும் துன்புற்றனர். உழைத்து உருவாக்கிய நற்பெயர் ஒரு துளி நஞ்சினால் அழியும் நிலைக்கு வந்தது. இனி என் செய்வது என்ற வினா ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் எழுந்து நின்றது.

விடை புதியதன்று, முன்பே அறிந்து, பின்னர் மறந்த ஒன்றே. 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தக்காளி வளர்த்த கண்ணாடி வீடொன்றில், வெள்ளை ஈயின் குஞ்சுகளுட் சில கறுத்துக் கிடந்தன. செசன்ட் என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தினர் அவற்றை ஆராய்ந்தனர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறிய குளவி ஒன்று அக்குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு, தன் இளம் உயிரை வளர்க்கிறது என்பதைக் கண்டனர். அக்குளவியைப் பெருக்கி உழவர்க்கு வழங்கினர். ஆயின் இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிடிடி முதலிய மருந்துகள் வந்ததும், உலகம் அந்தச் சிறு நண்பனை மறந்தது. மருந்துகள் ஒவ்வொன்றாய் வலியிழந்தபோதுதான் அதனை மீண்டும் நினைந்தது.

அல்மேரியா உழவர்க்கு அப்போது உதவ வந்தவை இரு சிற்றுயிர்கள். ஒன்று, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை நிலங்களைச் சேர்ந்த, இரை தின்னும் சிலந்திப்பேன். அரை மில்லிமீட்டர் நீளமும் நிரம்பாத இவ்வுயிர் வெள்ளை ஈயின் முட்டைகளையும் இலைப்பேனின் குஞ்சுகளையும் தேடித் தின்னும். சிறு காகிதப் பைகளில் தவிட்டோடு இட்டு இவற்றைச் செடியில் தொங்கவிடுவர். அவை பையிலிருந்து சிறிது சிறிதாக வெளிவந்து செடி முழுதும் பரவும். மற்றொன்று, இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள நாவாய்ப்பூச்சி. இது மிளகாய்ப் பூவிற்குள்ளேயே புகுந்து, ஒளிந்திருக்கும் இலைப்பேனைத் தன் கூரிய வாயால் குத்திக் கொல்லும். மருந்து எட்டாத இடத்தை இவ்வீரன் எட்டினான்.

இவ்விரண்டிற்கும் மிளகாய்ச்செடியோடு ஓர் அரிய உறவு உண்டு. இரை கிடைக்காத நாளில் இவை மிளகாய்ப் பூவின் மகரந்தத்தை உண்டு உயிர் வாழும். எனவே பகைவர் வருமுன்னரே இவற்றைக் குடிலில் குடியேற்றிவிடலாம். செடியே காவலருக்கு ஊதியம் அளிக்கிறது எனலாம்.

அசுவினிக்கு வேறொரு சூழ்ச்சி வகுத்தனர். குடிலின் ஓரத்தில் தானியச் செடிகள் சிலவற்றை வளர்த்து, தானியத்தை மட்டுமே உண்ணும் அசுவினியை அவற்றில் விடுவர். அது மிளகாயைத் தொடாது. ஆனால் சிறு குளவிகள் அதனுள் முட்டையிட்டுப் பெருகும். பின்னர் மிளகாயில் வேண்டாத அசுவினி தோன்றியதும் அக்குளவிகள் அங்கே விரையும்.

இவற்றைக் கையாளுதல் எளிதன்று. உழவர் முதலில் பழைய மருந்துகளைக் கைவிட வேண்டியிருந்தது. ஏனெனில் செடியில் எஞ்சிய நஞ்சு நண்பரையும் கொல்லும். கைவிட்ட பின், பூச்சியைக் கண்டவுடன் தெளிப்பானை எடுக்கத் துடிக்கும் கையை அடக்க வேண்டியிருந்தது. குடிலில் சில பூச்சிகள் இருக்கத்தான் செய்யும். இரையே இல்லாவிடில் குளவி எதனைக் கொண்டு வாழும்? அறிஞர் வாரந்தோறும் வந்து உருப்பெருக்கியால் இலைகளை நோக்கி, பகைவர் எத்தனை, நண்பர் எத்தனை என எண்ணிக் கூறினர். வெள்ளை ஈயின் வரவை அறிய மஞ்சள் அட்டைகளையும், இலைப்பேனின் வரவை அறிய நீல அட்டைகளையும் பசை தடவித் தொங்கவிட்டனர். அழித்தலே அறிந்திருந்த உழவர் எண்ணவும் காத்திருக்கவும் கற்றனர்.

பயன் வியப்பூட்டுவதாயிற்று. 2006க்கு முன் இம்முறையைக் கைக்கொண்ட மிளகாய்க் குடில்கள் மிகச் சிலவே. இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ எல்லா மிளகாய்க் குடில்களும் இம்முறைக்கு மாறின. அச்சம் தள்ளிய வழியில் அறிவு துணை நின்றது. இதனால் போர் முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. அசுவினி இன்றும் தொல்லை தருகிறது. புதிய பூச்சிகளும் வருகின்றன. சிற்சில வேளைகளில் நண்பருக்குத் தீங்கு செய்யாத மருந்தைத் தேர்ந்து தெளிக்கவும் நேர்கிறது. ஆயினும் மருந்து இப்போது தலைவனன்று. கடைசியாக அழைக்கப்படும் ஏவலாளனே.

நான்கு புறமும் சுவர் எழுப்பி, தானும் தன் பயிருமே உலகம் என்று வாழ மனிதன் முயன்றான். இயற்கை அதற்கு இசையவில்லை. கடுகினும் சிறிய உயிர்களுக்குக் குடிலினுள் இடம் கொடுத்த பின்னரே அவன் பயிர் பிழைத்தது. பிறிதொரு முறை மிளகாய்ச்செடியின் இலையில் ஒரு பூச்சியைக் காண்பவர், அதனை நசுக்குமுன் ஒருகணம் உற்று நோக்குவாராக. அது பயிரைத் தின்ன வந்த பகைவனாயிருக்கலாம். அப்பகைவனைத் தின்ன வந்த நண்பனாகவும் இருக்கலாம்.