எழுபதுக்கு முப்பது

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், விடியற்காலை மூன்று மணிக்குச் சற்றுப் பின்னர், ஜொகூர் பாருவின் உட்சுற்றுச் சாலையில் ஒரு கார் சைக்கிள் கூட்டமொன்றில் மோதியது. பதின்மூன்று வயது முதல் பதினாறு வயது வரையிலான எட்டுப் பையன்கள் இறந்துபோனார்கள். காரை ஓட்டியவர் 22 வயதுப் பெண். ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பையன்கள் ஓட்டியவை நாம் 'பாசிக்கால் லாஜாக்' என்று அறிந்த வகை. பிரேக்கைக் கழற்றி, இருக்கையைத் தாழ்த்தி, இறக்கத்தில் படுத்துக்கொண்டே பறப்பதற்காக மாற்றிய சைக்கிள்கள்.

அந்த வாரம் நம் கழகத்து முன்னாள் மாணவர்கள் சிலர் ஒரு திருமண வீட்டில் கூடினோம். பந்தி முடியும் வரை இதே பேச்சுத்தான். ஒரு சாரார், "அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் வெளியே விட்டது? பெற்றோரைத்தான் பிடித்து உள்ளே போட வேண்டும்" என்றார்கள். மறு சாரார், "கண் எதற்கு இருக்கிறது? முன்னால் பார்த்து ஓட்ட வேண்டாமா?" என்றார்கள். சட்டம் படித்தவன் என்பதால் கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எந்த நீதிமன்றத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்றேன். நழுவுகிறான் என்று சிரித்தார்கள். ஆனால் நழுவல் இல்லை அது. சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

முதலாவது, குற்றவியல் நீதிமன்றம். அந்தப் பெண் மீது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41(1)ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். பொறுப்பற்ற முறையில் அல்லது ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தல் என்பது குற்றச்சாட்டு. 2019 அக்டோபரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், எதிர்வாதம் செய்யவே தேவையில்லை என்று அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் எதிர்வாதம் செய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. 2022 ஏப்ரல் 13ஆம் நாள் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, ஆறு ஆண்டுச் சிறையும் ஆறாயிரம் ரிங்கிட் அபராதமும் விதித்தது. நாடே இரண்டாகப் பிரிந்தது. சில நாள் சிறையில் இருந்த பிறகு, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு அனுமதியும் பிணையும் வழங்கியது. 2023 ஏப்ரல் 11ஆம் நாள் அதே நீதிமன்றம் தண்டனையை முற்றிலும் நீக்கி அவரை விடுதலை செய்தது.

ஏன் என்று கவனியுங்கள். 'பொறுப்பற்ற முறையில்' என்பதும் 'ஆபத்தான முறையில்' என்பதும் வெவ்வேறு குற்றங்கள். இரண்டையும் ஒரே குற்றச்சாட்டில் சேர்த்து எழுதியது பிழை என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் எட்டுக் குடும்பங்களும் ஒரு பெண்ணும் காத்திருந்தார்கள். முடிவில் வழக்கு 'அல்லது' என்ற ஒரு சொல்லில் வந்து நின்றது. அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நானும் நினைக்கிறேன். ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் அவர் எதற்காகப் போகிறார் என்பது துல்லியமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் திருமண வீட்டில் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இரண்டாவது நீதிமன்றத்தைப் பற்றி எனக்குப் புத்தகத்துக்கு முன்பே தெரியும். என் அப்பா வழியாகத் தெரியும்.

தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு அப்பா ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்தார். கோலசிலாங்கூர் பக்கம், இருபுறமும் செம்பனை நிற்கும் சாலை. விளக்குக் கம்பங்கள் கிடையாது. 2008ஆம் ஆண்டு ஒரு நாள், வேலை முடிந்து விடியும் முன்னே சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து வந்த கார் இடித்தது. தொடை எலும்பு முறிந்தது. சைக்கிளின் டைனமோ பல மாதங்களாக வேலை செய்யவில்லை. மட்கார்டில் ஒட்டிய சிவப்புக் கண்ணாடி மட்டும் இருந்தது.

காரை ஓட்டியவரும் நம்மவர்தான். கிள்ளானுக்கு வேலைக்குப் போகும் இளைஞர். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மகன். மறுநாளே தாயாருடன் மருத்துவமனைக்கு வந்துவிட்டார். ஒரு பை ஆரஞ்சும் ஒரு டின் மைலோவும் கொண்டுவந்தார்கள். "அண்ணே, நான் பாக்கலண்ணே. இருட்டுல தெரியல" என்று கட்டில் ஓரம் நின்று அழுதார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா, விடு. உயிரு இருக்குல்ல" என்றார். அம்மாவுக்குக்கூடக் கோபம் இறங்கிவிட்டது.

அதன் பிறகு அவர் வரவில்லை. அம்மா நாள்கணக்கில் வாசலைப் பார்த்தார். வராத காரணம் எனக்குச் சட்டக் கல்லூரியில்தான் புரிந்தது. நம் நாட்டு வாகனக் காப்புறுதி ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தவற்றை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது. கட்டிலோரம் அழுத அழுகைகூட ஒப்புதலாகிவிடலாம் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருப்பார்கள். மன்னிப்புக் கேட்பதையும் பொறுப்பை ஏற்பதையும் சட்டம் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது. இதை நான் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

ஓராண்டு கழித்து எதிர்வாத அறிக்கை வந்தது. மலாயில் இருந்ததை ஐந்தாம் படிவத்தை முடித்திருந்த நான்தான் அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். வாதி விளக்கின்றி ஓட்டினார். திடீரென வலப்பக்கம் திரும்பினார். தம் பாதுகாப்பைப் பற்றி அக்கறை கொள்ளவில்லை. விபத்து முழுக்க முழுக்க வாதியின் கவனக்குறைவால் நேர்ந்தது. அப்பா ஒரு வரியில் மட்டும் நின்றுவிட்டார். "நான் எப்படா வலப்பக்கம் திரும்புனேன்? அந்தத் தம்பியா இப்படிச் சொல்லுச்சு?"

தம்பி சொல்லவில்லை. பிற்காலத்தில் ஒன்பது மாதப் பயிற்சிக் காலத்தில், காப்புறுதி நிறுவனங்களுக்காக வாதாடும் ஓர் அலுவலகத்தில் நான் இதே வரிகளை எத்தனையோ கோப்புகளில் தட்டச்சு செய்திருக்கிறேன். பெரும்பாலும் முந்தைய கோப்பிலிருந்து அப்படியே எடுப்பதுதான். எல்லாவற்றையும் மறுத்துவைத்தால்தான் பிறகு பேரம் பேச முடியும் என்பது தொழிலின் வழக்கம். எழுதுகிறவருக்கு அது வழக்கம். படிக்கிறவருக்கு அது அவமானம். அப்பாவுக்கு உடைந்த காலைவிட அந்த 'வலப்பக்கம்' அதிகம் வலித்தது என்று சொன்னால் மிகையில்லை.

வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடந்தது. வாகன விபத்து வழக்குகளில் தொகை எவ்வளவானாலும் விசாரிக்கும் அதிகாரம் அந்நீதிமன்றத்துக்கு உண்டு. இங்கே 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். போலீசாரின் வரைபடம், வாகனச் சேதத்தின் படங்கள், இரு தரப்பு வாக்குமூலம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பழியை விழுக்காட்டில் பிரிப்பார்கள். 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் பங்கு உண்டென்றால், நியாயமெனத் தோன்றும் அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். குறைப்பது கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1945ஆம் ஆண்டு வரை, காயம்பட்டவர் மீது சிறு தவறு இருந்தாலும் பொதுவாக ஒரு காசுகூடக் கிடைக்காது.

அப்பாவின் வழக்கு சாட்சிக்கூண்டு வரை போகவில்லை. விசாரணைக்கு வந்த காலையில், நீதிமன்ற நடைகூடத்திலேயே வழக்கறிஞர்கள் இருவரும் பேசி முடித்தார்கள். எழுபதுக்கு முப்பது. காரோட்டிக்கு எழுபது, எரியாத விளக்குக்கு முப்பது. நாற்பதாயிரம் ரிங்கிட் என்று கணக்கிட்ட இழப்பீடு இருபத்தெட்டாயிரமாகக் கைக்கு வந்தது.

அன்று கீழே சிற்றுண்டிச் சாலையில் அந்த இளைஞரும் உட்கார்ந்திருந்தார். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு நேரே அவர் மேசைக்குப் போனார். நான் பதறிப்போனேன். "கேஸு உன் மேல இல்லப்பா, இன்சூரன்ஸ் மேலதான். மனசுல வெச்சுக்காத" என்றார் அப்பா. சட்டப்படி அது தவறு. பிரதிவாதி அந்த இளைஞர்தான். தீர்ப்புத் தொகையைக் கட்டும் கடமை மட்டுமே காப்புறுதி நிறுவனத்துடையது. ஆனால் நம் மக்கள் பலர் விபத்து வழக்கைப் பற்றி அப்பா சொன்னது போலத்தான் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதால்தான் வழக்குக்குப் பிறகும் ஒரே கோயில் திருவிழாவில் இரு குடும்பமும் நிற்க முடிகிறது.

சொக்சோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்தை 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலையிடத்து விபத்தாகவே கொள்கிறது. அங்கே கேட்ட கேள்வி, வழியில் வேறெங்கும் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தாரா என்பதுதான். விளக்கு எரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மருத்துவ விடுப்பில் இருந்த காலம் முழுக்கத் தினச் சம்பளத்தில் எண்பது விழுக்காடு வந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பணத்தில்தான். மூன்றாண்டு கழித்து வந்த இருபத்தெட்டாயிரத்தை நம்பியிருந்தால் நான் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் மனுநீதிச் சோழனை நினைக்காமல் தமிழனால் இருக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் நம் இலக்கியத்தின் புகழ்பெற்ற சாலை விபத்து வழக்கு அதுதான். பெரியபுராணம் சொல்வதைப் பாருங்கள். கன்று துள்ளி ஓடிவந்து தேர்க்காலில் அகப்பட்டது. இளவரசன் அதைக் கவனிக்கவில்லை. அமைச்சர்கள் பரிகாரம் செய்தால் போதும் என்று வாதாடினார்கள். மன்னன் கேட்கவில்லை. பள்ளிநாளில் எனக்கு அவன் தெய்வமாகத் தெரிந்தான். இன்று அமைச்சர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஆராய்ச்சி மணியை அடித்த பசுவுக்கு இளவரசனின் உயிரால் என்ன கிடைத்தது? ஜொகூர் வழக்கில் சிறை, சிறை என்று முழங்கியவர்களிடம் எனக்குக் கேட்கத் தோன்றியதும் இதுதான்.

நெதர்லாந்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 1994ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, மோட்டார் வாகனம் சைக்கிளோட்டி மீது மோதினால் தடுக்கவே முடியாத சூழ்நிலை என்று வாகனத் தரப்பு நிறுவ வேண்டும். நிறுவ முடியாவிட்டால் இழப்பீடு அதன் பொறுப்பு. நீதிமன்றங்கள் இதை மேலும் விரித்து, சைக்கிளோட்டி பதினான்கு வயதுக்குட்பட்டவர் என்றால் பொதுவாக முழு இழப்பீடும், பெரியவர் என்றால் குறைந்தது பாதியும் தரவேண்டும் என்று வகுத்துள்ளன. வேண்டுமென்றே மோதிக்கொண்டால், அல்லது அதற்கு ஒப்பான துணிச்சல் காட்டினால் மட்டும் விலக்கு. இதனால் காரோட்டி குற்றவாளி ஆகிவிடுவதில்லை. குற்றவியல் விசாரணை தனி. எடை கூடிய வண்டியை ஓட்டுகிறவர் காப்புறுதியின் வழியாக எடை கூடிய செலவையும் சுமக்கிறார், அவ்வளவே.

அந்த விதி இங்கே இருந்திருந்தால் ஜொகூர்ப் பிள்ளைகளில் மிக இளையவனின் தாய்க்கும் மூத்தவனின் தாய்க்கும் வெவ்வேறு பதில் கிடைத்திருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரேக் இல்லாத சைக்கிளில் நள்ளிரவில் போனது விலக்குக்குள் வருமா என்று அங்கேயும் வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டுவார்கள். ஆனால் அந்தச் சண்டை பணத்தைப் பற்றியது. ஒரு பெண்ணின் ஆறு ஆண்டுகளைப் பற்றியது அல்ல.

இப்போது நான் காயம்பட்டவர்களுக்காக வாதாடும் ஒரு சிறு அலுவலகத்தில் இருக்கிறேன். சைக்கிள் கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. முன்பு தோட்டத்துப் பெரியவர்கள். இன்று வங்காளதேசத் தொழிலாளர்கள், ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போகும் அலுவலர்கள். போன மாதம் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைத் தாத்தா அழைத்து வந்தார். உட்கார்ந்தவுடனே, "வக்கீலய்யா, பையன் மேல தப்பு இல்லீங்க" என்று ஆரம்பித்தார். கால் எப்படி இருக்கிறது, பள்ளிக்குப் போகிறானா என்று கேட்டேன். அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். பிறகு நான் விளக்கைப் பற்றிக் கேட்டேன். பையன் தாத்தாவைப் பார்த்தான்.