பிள்ளைகளோடு ஒரு நாள்: தூரம் போகத் தேவையில்லை



லீவு வரப் போகிறது. வேன் பேசுவது, ஆள் சேர்ப்பது, எங்கே போவது என்ற கதையெல்லாம் ஊரில் தொடங்கிவிட்டது. அதனால் இதை இப்போதே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

பாடசாலையில் வருடா வருடம் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். முக்கால்வாசிப் பிள்ளைகள் அதிகாலையில் எழுந்து, பஸ்ஸில் ஏறி, சிகிரியா பார்த்து, களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புவார்கள். கட்டுரைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு முறை ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது. உம்மா, வாப்பாவோடு மாத்தளை ஸ்டேஷனில் ஏறி உக்குவளையில் இறங்கி, ஐஸ்கிரீம் குடித்துவிட்டுத் திரும்பி வந்த கதை. வாப்பா ஜன்னலால் தலையை நீட்டியதற்கு உம்மா ஏசியதும் அதில் இருந்தது. எழுத்துப் பிழை நிறைய. ஆனாலும் அந்தக் கட்டுரையைத்தான் ஆசிரியர் அறையில் எல்லோரும் கை மாற்றி மாற்றி வாசித்தோம்.

அந்தப் பயணத்துக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு வேளை கடைச் சாப்பாட்டுக்கும் குறைவு.

நாம் வழமையாகப் போகும் பயணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று குடும்பம் ஒரு வேன். விடிய முன் புறப்பாடு. நுவரெலியா, வழியில் நாலு இடம், இரவு பதினொரு மணிக்கு வீடு. சின்னப் பிள்ளைகள் வளைவுகளில் சத்தி எடுக்கும், பிறகு தூங்கும். இடம் வந்ததும் எழுப்பி, போட்டோ எடுத்து, "ஏறு ஏறு, நேரமில்லை" என்று திரும்பவும் ஏற்றுவோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நுவரெலியாவும் ஒன்றுதான், நாவுலயும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது இறங்கி ஓட ஓர் இடம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள்.

உம்மாமாரின் நிலையையும் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி பதினைந்து பேருக்குச் சோறு ஆக்கி, பார்சல் கட்டி, போன இடத்தில் பரிமாறி, வந்து சட்டி கழுவி, அடுத்த நாள் உடுப்புத் துவைத்தால், அது சமையலறையைத் தூக்கிக்கொண்டு போன பயணம். அவர்களும் சேர்ந்து மகிழ்ந்தால்தான் அது குடும்பப் பயணம்.

இன்னொன்று. நம் ஊரில் எத்தனையோ வாப்பாமார் வெளிநாட்டில். வந்து நிற்பது ஒரு மாதம். கடை வைத்திருப்பவர்களுக்குப் போயா நாளும் வெள்ளிக்கிழமையும்தான் கொஞ்சம் ஓய்வு. பிள்ளை நாலாம் ஆண்டுக்கு வந்தால் புலமைப்பரிசில் டியூஷன் தொடங்கிவிடும். அது முடிந்தால் ஓ.எல். அதன் பிறகு அவர்கள் கூட்டாளிமாரோடு போகத்தான் விரும்புவார்கள். பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் காலம் ஏழெட்டு வருடம்தான். நல்ல காலம் வரட்டும், காசு சேரட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்த வருடங்கள் போய்விடும்.

ஆகவே எங்கள் குடும்பம் போய் வந்த, பலாபத்வலயில் இருந்து பஸ்ஸிலேயே போகக்கூடிய சில இடங்களைச் சொல்கிறோம். எல்லாம் உங்களுக்குத் தெரிந்த இடங்கள். சின்னப் பிள்ளைகளோடு எப்படிப் பார்க்கலாம் என்பதுதான் விஷயம்.

1. ரயில்

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். தோட்டங்களின் விளைச்சலை இறக்கிக் கொண்டுபோகப் போட்ட பாதை. மாத்தளையோடு தண்டவாளம் முடிந்துவிடும். "ரயில் பாதை முடியும் இடத்தைப் பார்க்கப் போவோமா?" என்று கேட்டுப் பாருங்கள், எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது. உக்குவளை அல்லது வத்தேகம வரை போய், அடுத்த ரயிலில் அல்லது பஸ்ஸில் திரும்பலாம். ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை ஸ்டேஷனில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு டிக்கட் இன்னமும் பென்சில் பெட்டிக்குள் இருக்கிறது.

2. அலுவிகாரை

மாத்தளைக்குப் போகும்போதெல்லாம் தாண்டிப் போகிறோம். உள்ளே போனவர்கள் நம்மில் குறைவு. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னனின் காலத்தில், அதுவரை பிக்குமார் மனனமாகவே வைத்திருந்த திரிபிடகத்தை இங்கேதான் ஓலையில் எழுதினார்கள் என்பது வரலாறு. பஞ்சமும் போரும் வந்து, மனனம் செய்தவர்கள் இறந்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமே என்ற பயம்தான் காரணம்.

இதைச் சொன்னதும் ஹிப்ழ் மத்ரஸாவுக்குப் போகும் எங்கள் மகன், "அப்போ யமாமா யுத்தம் மாதிரியா?" என்று கேட்டார். ஹாபிழ்கள் பலர் அந்த யுத்தத்தில் ஷஹீதான பிறகுதான் அபூபக்கர் (ரழி) அவர்களின் காலத்தில் குர்ஆன் ஒன்று திரட்டப்பட்டது என்று மத்ரஸாவில் படித்திருக்கிறார். பக்கத்து வீட்டாரின் வரலாற்றைப் பிள்ளை தன் வரலாற்றை வைத்தே விளங்கிக்கொண்டது. நாங்கள் வகுப்பில் ஒரு தவணை முழுவதும் படிப்பித்தாலும் இப்படி விளங்க வைத்திருப்போமா தெரியாது.

ஓலையில் எழுத்தாணியால் எழுதி, கரி பூசித் துடைத்ததும் எழுத்து தெரிவதைக் காட்டுவார்கள். பிள்ளைகள் கண் வெட்டாமல் பார்ப்பார்கள். அது ஒரு வணக்கத்தலம். செருப்பு, தொப்பி கழற்றுவது, சத்தம் போடாமல் நடப்பது எல்லாம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். போயா நாளில் கூட்டம் இருக்கும், வேறு நாள் நல்லது.

3. வாசனைத் தோட்டங்கள்

வெளிநாட்டுக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து நம் வீதியோரத் தோட்டங்களைப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சாதிக்காயைச் சுற்றியிருக்கும் சிவப்புத் தோல்தான் வசவாசி என்று தெரியும்? ஏலக்காய் செடியின் அடியில், மண்ணுக்குக் கிட்டவாகக் காய்ப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

வனிலா பூத்திருந்தால் கட்டாயம் காட்டுங்கள். அந்தப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். நம் நாட்டில் மனிதக் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய்க்கும். அதற்கு இலகுவான வழியை 1841இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். இன்று உலகம் முழுவதும் அந்தச் சிறுவன் காட்டிய வழியில்தான் செய்கிறார்கள். "நீங்கள் குடிக்கும் வனிலா ஐஸ்கிரீமுக்குப் பின்னால் உங்கள் வயதுப் பிள்ளை ஒருவன் இருக்கிறான்" என்று சொன்னால், அதன் பிறகு அவர்கள் செடியைப் பார்க்கும் பார்வையே வேறு.

எண்ணெய், களிம்பு வாங்கச் சொல்லி வற்புறுத்தும் இடங்களும் உண்டு. பார்க்க மட்டும்தான் வந்தோம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் தெரிந்தவரின் மிளகுத் தோட்டம் போதும்.

4. நாலந்தா கெடிகே

தம்புள்ளைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி நாலந்தாவில் இறங்கி, கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையான கருங்கல் கட்டடம், பல்லவர் பாணி. போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீரில் மூழ்கிவிடும் என்று, ஒவ்வொரு கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பவும் கட்டினார்கள். பிள்ளைகளிடம் இதை ஒரு பெரிய புதிர் விளையாட்டாகச் சொல்லுங்கள். எந்தக் கல் எங்கே பொருந்தும் என்று தேடுவதிலேயே ஒரு மணித்தியாலம் போய்விடும். சுற்றிலும் ஓட இடம், பக்கத்தில் நீர்த்தேக்கம், நல்ல காற்று. பாய் விரித்து உட்காரலாம்.

5. ரிவஸ்டன், பிட்டவல பத்தனை

ரத்தோட்டை வழியாகப் போக வேண்டும். வளைவுகள் அதிகம், சத்தி வரும் பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. போகும் வழியில் பிள்ளையிடம் கையைப் பொத்திப் பிடிக்கச் சொல்லி, விரல் முட்டிகளைக் காட்டுங்கள். மலை அப்படித் தெரிவதால்தான் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மூக்கின் நுனியில் இலை போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் ஓணான் இந்த மலையில் மட்டும்தான் இருக்கிறது. கண்டால் தொடாமல் பார்ப்போம்.

பத்தனையின் கடைசியில் செங்குத்தான பள்ளம். அங்கே சின்னப் பிள்ளையின் கை பெரியவரின் கைக்குள் இருக்க வேண்டும். செல்ஃபி பிறகு எடுக்கலாம். பெருநாள் கழிந்த இரண்டு மூன்று நாட்கள் அந்தப் பக்கம் போகாதிருப்பது நல்லது. கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவதே வேலையாகிவிடும். மழை காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம்.

இனி ஒரு முக்கியமான விஷயம். தண்ணீர்.

நம் பகுதியில் எங்கே போனாலும் ஆறு, ஓடை, நீர்வீழ்ச்சி. பிள்ளைகள் இறங்கத்தான் ஆசைப்படுவார்கள். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நமக்குத் தெரியாது. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கத் தொடங்கினால், சருகும் குச்சியும் அடித்து வந்தால், அந்த நிமிடமே எல்லோரும் கரைக்கு வர வேண்டும்.

"எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று நினைக்கும்போதுதான் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு முறை வைத்திருக்கிறோம். அரை மணித்தியாலத்துக்கு ஒருவர். அந்த நேரத்தில் அவருக்குப் போன் இல்லை, பேச்சு இல்லை, பிள்ளைகளைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. நேரம் முடிந்ததும் அடுத்தவரின் பெயரைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "ராத்தா, இனி நீங்க" என்று சொன்ன பிறகே எழும்பலாம். ஆழம் தெரியாத இடத்தில் இறங்குவதே இல்லை, முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். பெரியவர்களுக்கு இது கெடுபிடியாகத் தெரியலாம். ஆனால் பயணம் போன வீட்டில் ஜனாஸா வந்த செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

மற்றவை சுருக்கமாக:

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அஸருக்கு முன் திரும்பத் தொடங்கினால் பிள்ளைகள் அழாமல் வீடு வரும்.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். பாண், சம்பல், அவித்த முட்டை, வாழைப்பழம். கட்டுவதும் பரிமாறுவதும் வாப்பாவின் வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

பெண்கள் தொழவும் சின்னப் பிள்ளைகள் கழிவறைக்குப் போகவும் எங்கே வசதி இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். பல குடும்பங்கள் பயணத்தை வெறுப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

ஒரு மாற்று உடுப்பு, ஒரு துவாய், அட்டைக்கடிக்குக் கொஞ்சம் உப்பு. கொண்டுபோன பொலித்தீன் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாப்பா இல்லாத பிள்ளையோ, வாப்பா கடலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளையோ உங்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு இடம் ஒதுக்கி அவர்களையும் கூட்டிப்போங்கள். ரயில் டிக்கட் ஒன்று கூடினால் நமக்கு ஒன்றும் குறையாது. அந்தப் பிள்ளைக்கு லீவு முடிந்து வரும்போது எழுத ஒரு சொந்தக் கதை கிடைக்கும்.

உங்களுக்குத் தெரிந்த, சின்னப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடங்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த லீவுக்கு நாங்களும் போய்ப் பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.