ஒரு வீடு, ஒரு போன், எட்டு வேலை

2020 ஊரடங்கின்போது வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்ட உளவியல் குறும்படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கையில் ஒரு போனும் அடைபட்ட மனமும் போதும், யூனிட் எதற்கு என்கிறார்கள். எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. படப்பிடிப்புத் தளம்தான் இல்லாமல் போனது, அங்கே நடந்த வேலை அப்படியே இருந்தது. லைட்மேன், ஒலிப்பதிவாளர், ஆர்ட் டைரக்டர், எடிட்டர் என்று பலர் பகிர்ந்துகொண்டதெல்லாம் வீட்டிலிருந்த ஒருவர், இருவர் தலையில் விழுந்தது. டேவிட் எஃப். சாண்ட்பெர்க்கை எடுத்துக்கொள்வோம். 2019-இல் 'ஷசாம்!' என்ற பெரிய ஸ்டுடியோ படத்தைத் தந்தவர், மறு ஆண்டு வீட்டுக்குள் மனைவி லோட்டா லோஸ்டனை நடிக்க வைத்து 'ஷேடோடு' என்ற சில நிமிடப் படத்தை எடுத்தார். இருட்டில் ஒரு பெண், கையில் டார்ச், சுவரில் இருக்கக்கூடாத நிழல்கள். பார்த்தால் யாரும் எடுத்துவிடலாம் போலிருக்கும். ஆனால் இதே தம்பதி 2013-இலேயே ஸ்வீடனில் தாங்கள் குடியிருந்த வீட்டில் 'லைட்ஸ் அவுட்' எடுத்தவர்கள். அதுதான் 2016-இல் முழுநீளப் படமானது. வீட்டைப் பட்டறையாக்கும் பழக்கம் அவர்களுக்குக் கொரோனா கற்றுத் தந்ததல்ல.

ஒரு முகத்தைக் காட்டி அதையடுத்து எதை ஒட்டினாலும் பார்ப்பவரே உணர்ச்சியை இட்டு நிரப்பிக்கொள்வார் என்று ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு வருடங்களுக்கு முன்பே காட்டிவிட்டாரே, அப்புறம் என்ன தனித் திறமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எதையடுத்து எதை ஒட்டுவது, எத்தனை நொடி விட்டு வெட்டுவது என்பதுதானே எடிட்டரின் தொழில்! அதற்கும் முன்னால் போனோடு ஒரு மல்லுக்கட்டு உண்டு. இருட்டைக் கண்டால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். பயமுறுத்த வேண்டிய மூலை சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எக்ஸ்போஷரை லாக் செய்யத் தெரியாதவருக்கு இருட்டே கிடைக்காது. ஒலி இன்னும் மோசம். யாரும் பேசாத நொடியில் மைக் தானே உணர்திறனை ஏற்றிக்கொண்டு ஃபேன் சத்தத்தையும் ஃபிரிட்ஜின் முனகலையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு எடுக்கலாம் (மறுபடி போட மறந்தால் பால் கெட்டுவிடும்). அதோடு முடியாது. ஆளற்ற அறையின் சத்தத்தைத் தனியே பதிவுசெய்து வெட்டுகளுக்கு அடியில் ஓடவிட வேண்டும். விடாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும். மனநிலை குலைந்த பாத்திரத்தின் தனிமையை நடிப்பு சொல்வதைவிட இந்த ஓசைதான் அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

தளம் போனாலும் வேலை போகவில்லை என்பதற்கு 2020-இல் வந்த பிரிட்டிஷ் படமான 'ஹோஸ்ட்' நல்ல சாட்சி. 57 நிமிடம், முழுக்க ஜூம் அழைப்பிலேயே நடக்கும் கதை. இயக்குநர் ராப் சாவேஜ் நடிகர்களின் வீடுகளுக்குப் போகாமல் தொலைவிலிருந்தே இயக்கினார். கேமராவையும் விளக்கையும் நடிகர்களே வைத்துக்கொண்டார்கள். ஆட்களைக் குறைத்ததாக இதைச் சொல்வது தவறு. நடிகர்களே தொழில்நுட்பப் பணியாளர்களானார்கள் என்பதே சரி. நம்மூரில் அதே ஆண்டு மே மாதம் கௌதம் மேனன் ஐபோனில் எடுத்து வெளியிட்ட 'கார்த்திக் டயல் செய்த எண்' குறும்படத்துக்கும் ஏ.ஆர். ரஹ்மானின் இசை தேவைப்பட்டது.

பணமில்லாத இளைஞருக்கு வீட்டிலேயே போனில் படமெடுக்கும் இந்த முறை கதவைத் திறந்துவிட்டதே, அதைக் குறை சொல்லலாமா என்றால், கதவு திறந்தது உண்மை. குறை சொல்ல வேண்டியது 'பட்ஜெட் பூஜ்யம்' என்ற பெருமையை. அதே மாதங்களில் தினக்கூலியை நம்பியிருந்த ஃபெப்சி (திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) தொழிலாளர்கள் நிவாரணத்தை எதிர்பார்த்து நின்றார்கள். ரஜினிகாந்த் அவர்களுக்காக 50 லட்சம் ரூபாய் கொடுத்தது அப்போதுதான். அவர்கள் கூலி வாங்கிச் செய்த வேலையைத்தான் வீட்டில் தங்கையும் அம்மாவும் கூலியில்லாமல் செய்தார்கள். ஆகவே டைட்டில் கார்டில் 'தனி ஒருவரின் முயற்சி' என்று போடாமல், ஒருவரே எட்டு வேலை செய்திருந்தால் எட்டையும் தனித்தனியே எழுதி, ஒரே பெயர் எட்டு முறை வந்தாலும் போடட்டும். விளக்கைப் பிடித்தது தங்கையென்றால் 'லைட்டிங்' என்ற இடத்தில் அவள் பெயர் வரட்டும்.