டேலியாச் செடியோரம்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிலாளர் லயங்களில் எங்கள் காலத்துக் குடும்பப் படங்களெல்லாம் வாசல் தோட்டத்தில் எடுத்தவைதான். காம்பராவுக்குள் வெளிச்சம் ஏது? அடுப்புப் புகை ஏறிக் கறுத்த சுவரும் சின்ன ஜன்னலும்தான். இஸ்தோப்பிலும் தகரக் கூரை தாழ்ந்து கிடக்கும். ஹட்டனிலிருந்து படக்காரர் வந்தால் கானைத் தாண்டி நேரே தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். ஒரு பக்கம் கோவாவும் லீக்ஸும், இன்னொரு பக்கம் கோழிக்கூடு, நடுவே அம்மா வைத்த சிவப்பு டேலியா.

வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்தான் வருவார். பெட்டிக் கேமராவின் மேல்மூடியைத் திறந்து, நெஞ்சோடு அணைத்து, குனிந்து பார்ப்பார். 120 ரோலில் 12 படம். ஒன்றை வீணாக்கவும் மனசு வராது அவருக்கு. வெயில் சுள்ளென்று அடித்தால் எடுக்கமாட்டார். “மூட்டம் இறங்கட்டும், இருங்கண்ணே” என்பார். வெயிலில் எடுத்தால், வெள்ளைச் சட்டை வெளுத்துப் போகும், இல்லாவிட்டால் எங்கள் கறுத்த முகம் இருண்டு போகும். மூட்டத்துக்குள் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி நிற்பதால் சட்டையும் தெரியும், அப்பாயியின் நெற்றிச் சுருக்கமும் தெரியும். எந்த ஸ்டூடியோ விளக்கும் அப்படி ஒரு முகத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை. டேலியாவுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பூவும் இலையும் ஒரே சாம்பலாகிவிடும். அதன் சிவப்பு இன்னதென்று நேரில் கண்ட எங்களுக்குத்தான் தெரியும்.

பிறகு பாஸ்போர்ட் காலம் வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்தை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தார்கள். பங்கு பிரித்தவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வேதனை எனக்கு இன்றும் ஆறவில்லை. லயத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒவ்வொருவராக ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தார் படக்காரர். ரோலில் மிச்சம் இருந்தால், போகிறவர்களையும் இருக்கிறவர்களையும் டேலியாவுக்கு முன்னால் சேர்த்து நிறுத்தி இன்னொரு படம் எடுப்பார். பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது, அந்தப் படத்தில் ஒரு பிரதியோடு. மண்டபம் முகாம் கடந்து, கூடலூர்த் தேயிலைக்குள் அது போய்ச் சேர்ந்தது.

உலகம் கொண்டாடும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் எங்கள் டிக்கோயாவில்தான் கண்மூடினார் என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் வந்தவர், 1879 ஜனவரியில் க்ளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் வீட்டுக் கோழிக்கூட்டையே கண்ணாடிக் கூடமாக்கிப் படம் எடுத்தவர் என்று படித்தபோது எங்கள் கோழிக்கூடு ஞாபகத்துக்கு வந்து மனசு பூரித்தது. டெனிசன், டார்வின் என்று பெரிய பெரிய ஆட்களை எடுத்த கை அது. இலங்கையில் அவர் எடுத்த சாதாரண சனங்களின் முகங்களும் அவ்வளவு கம்பீரம். ஆனால், ஒரு படத்தின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதோடு நின்றுவிடுகிறது. அதில் நிற்பவர்கள் யார், என்ன பேர்? தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் படக்காரரைக் கேமரூனோடு யாரும் சேர்த்துப் பேசமாட்டார்கள். நான் பேசுவேன். பிரதி கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் திருப்பி, “பேரச் சொல்லுங்க தாயி” என்று கேட்டுக் கேட்டு, இடமிருந்து வலமாகப் பென்சிலால் எழுதித் தருவார். கைக்குழந்தையின் பெயரையும் விடமாட்டார். போன வருஷம் கூடலூரிலிருந்து பெரியப்பாவின் பேத்தி அந்தப் படத்தின் இரண்டு பக்கத்தையும் போனில் அனுப்பியிருந்தாள். முன்பக்கத்தில் பூஞ்சணம் பிடித்துப் பாதி முகங்கள் போய்விட்டன. பின்பக்கத்தைப் பார்த்துத்தான் யார் எங்கே நின்றார்கள் என்று அவளுக்கு ஒவ்வொருவராகச் சொன்னேன்.