செம்பனைக் காட்டில் ஒரு புள்ளி

ஜொகூர் மாநிலத்தின் ஊடே இரயிலில் போய் வந்த வாசகர்களுக்கு இது தெரிந்திருக்கும். குளுவாங் நிலையத்தைத் தாண்டினால் சன்னலுக்கு வெளியே செம்பனைதான். பாலோ, பெக்கோக், லாபிஸ், சிகாமட் என்று நிலையங்களின் பெயர்கள் மாறுமே தவிர, காட்சி மாறாது. ஒரு காலத்தில் அங்கெல்லாம் பால்மரங்கள் நின்றன. மரங்களுக்கு நடுவே லயங்கள் இருந்தன. லயத்துக்கு ஒரு மாரியம்மன் கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் ஆயக்கொட்டாய், ஊருக்கு ஒதுக்குப்புறமாய் ஓர் இடுகாடு. இன்று அந்த இடத்தைக் காட்டச் சொன்னால், அங்கேயே பிறந்து வளர்ந்தவரும் திகைத்துத்தான் நிற்பார்.

அப்படித் தொலைந்துபோக இருந்த ஓரிடத்தை ஒரு பழைய கைப்பேசி எங்கள் குடும்பத்துக்குக் காப்பாற்றிக் கொடுத்தது. அந்தப் பயணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

2008ஆம் ஆண்டு அது. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் இரயில் நிலையம் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. 1932இல் திறந்த நிலையம். முகப்பில் விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து ஆகிய நான்கையும் குறிக்கும் நான்கு பெரிய சிலைகள். உள்கூடத்துச் சுவர்களில் மலாயா நாட்டின் தொழில்களைக் காட்டும் ஓவியங்கள். பால்வெட்டும் அவற்றில் ஒன்று. 2011 ஜூன் 30ஆம் நாளோடு அங்கிருந்து இரயில் போவது நின்றுவிட்டது. கட்டடம் மட்டும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக நிலைத்தது.

சிகாமட் பட்டணத்தில் இருந்த பெரியம்மாவைப் பார்க்கப் புறப்பட்டேன். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. “கண் நல்லா தெரியிற காலத்துலேயே ஒரு தடவை தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ தம்பி. எங்கப்பாவைப் புதைச்ச இடத்தை உனக்குக் காட்டணும். எனக்கப்புறம் அது யாருக்கும் தெரியாது” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். கல்லறை என்று எதுவும் இல்லை. ஒரு பலாமரம்தான் அடையாளம். லயங்கள் காலியாகிவிட்ட தோட்டம் அது.

என் பையில் அன்று இருந்தது நோக்கியா என்-95. 2007இல் கடைக்கு வந்த கைப்பேசி. மேலே தள்ளினால் எண் பொத்தான்கள். கீழே தள்ளினால் பாட்டு கேட்கும் பொத்தான்கள். ஐந்து மெகாபிக்சல் கேமரா, குரல் பதிவு, வானொலி, வரைபடம், துணைக்கோள் மூலம் இடம் அறியும் வசதி எல்லாம் அதற்குள் அடக்கம். இன்று சின்னப் பிள்ளைகளும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அன்றோ, கேமராவும் வழிகாட்டும் கருவியும் ஒலிப்பதிவுப் பெட்டியும் ஒரே சட்டைப்பையில் போனது பெரிய விந்தை. வானொலிக்குக் காதில் மாட்டும் கம்பியைச் செருக வேண்டும்; அந்தக் கம்பிதான் ஏரியல்! எல்லை தாண்டினால் இணையத்தின் விலை எகிறிவிடும் என்பதால், மலேசிய வரைபடத்தை முன்னிரவே வீட்டுக் கணினியிலிருந்து இறக்கி, கைப்பேசியின் நினைவு அட்டையில் ஏற்றி வைத்திருந்தேன்.

துணைக்கோள் வழிகாட்டி வேலை செய்யும் விதத்தை இங்கே இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் துணைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் ஒலிபரப்பாவது கிடைத்தால், அது வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டுக் கைப்பேசி தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்ளும். பொதுமக்களுக்கான இந்தச் சேவையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தார்கள். 2000 மே மாதத்தில் அதை நிறுத்திய பிறகுதான் சாதாரணக் கருவியும் சில மீட்டர் அளவுக்குத் துல்லியம் காட்டத் தொடங்கியது. ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். இரயில் பெட்டிக்குள் திணறிய கருவி, சன்னலோரம் பிடித்தபோது விழித்துக்கொண்டது. இரயில் ஓட ஓட, திரையில் ஒரு சின்னப் புள்ளி தண்டவாளக் கோட்டின் மேல் ஊர்ந்தது. எதிரே இருந்த சீனக் கிழவரும் தம் பேரனும் குளுவாங் வரும்வரை அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை வாடகைக் காரில் பெரியம்மாவோடு புறப்பட்டேன். ஓட்டுநர் ஒரு மலாய்ப் பெரியவர். தார்ச்சாலை முடிந்து செம்மண் சாலை தொடங்கியதும் வரைபடம் கைவிரித்துவிட்டது. சாலையும் இல்லை, ஊரும் இல்லை. வெற்று வெளியில் எங்கள் புள்ளி மட்டும் தனியாக மிதந்தது.

“அந்தப் பொட்டியில நம்ம தோட்டம் தெரியுதா தம்பி?”

“தெரியலைங்க பெரியம்மா.”

“அப்ப அதை மடியில வை. நான் சொல்றேன்.”

அதற்குப் பிறகு வழிகாட்டியவர் அவர்தான். “கிரி... கானான்...” என்று ஓட்டுநருக்கு மலாயில் இடமும் வலமும் சொல்லிக்கொண்டே வந்தார். “இதுதான் பெரட்டுக் களம். விடியறதுக்கு முன்னே இங்கே வந்து நிப்போம். அதோ அந்தச் சிமெண்டுத் தரை, புகைக்கொட்டாய். அங்கேதான் ஆயக்கொட்டாய். உங்கம்மாவை அங்கே விட்டுட்டுத்தான் நான் மங்கு தூக்கிக்கிட்டு ஓடுவேன்.” எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செம்பனையும் புல்லும்தான். அவர் கண்ணுக்கு ஊரே தெரிந்தது.

பலாமரம் நின்றது. அதன் கீழே ஒரு சிறு மேடு. பெரியம்மா சூடம் ஏற்றிக் கும்பிட்டார். எங்களோடு துணைக்கு நடந்து வந்த இந்தோனேசியத் தொழிலாளியும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு கைப்பேசிக்கு வேலை கொடுத்தேன். மட்டைகளின் நிழலில் துணைக்கோள் அகப்படவில்லை. வானம் தெரிந்த ஓர் இடைவெளியில் கையை நீட்டிக் காத்திருந்தேன். சில நிமிடங்களில் எண்கள் வந்தன. அந்தக் கைப்பேசியில் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ள ஒரு வசதி இருந்தது. பெயர் கேட்டது. அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமாகித் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்திருந்தது. ஆனால் இடப்பெயர்ப் பட்டியல் கைப்பேசியின் சொந்தச் சொத்தாயிற்றே! “என்ன பேர் போடட்டும் பெரியம்மா?” என்றேன். “அப்பான்னு போடு” என்றார். ஆங்கில எழுத்தில் ‘அப்பா’ என்று பதிந்தேன். அதே எண்களைக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன்.

குரல் பதிவையும் ஓட விட்டேன். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்த நிரையில் பால் வெட்டினார் என்றெல்லாம் பெரியம்மா பேசினார். நடுவே, “தலைமாட்டுல நின்னு பார்த்தா பழைய கிணத்துக் கட்டு நேரா தெரியும். என் காலுக்கு முப்பது எட்டு” என்றும் சொன்னார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிரவு படங்களைப் பார்க்க வீடே கூடிவிட்டது. அந்தக் கைப்பேசியோடு ஒரு கம்பி கொடுத்திருந்தார்கள். ஒரு முனையைக் கைப்பேசியிலும் மறு முனையைத் தொலைக்காட்சியிலும் செருகினால் படம் பெரிய திரையில் வரும். பலாமரத்தைப் பார்த்ததும் சத்தமெல்லாம் அடங்கியது. பெரியம்மா எழுந்து போய்த் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

2012இல் பெரியம்மா காலமானார். 2016இல் அவருடைய பேரன் என்னைத் தேடி வந்தான். தோட்டத்தில் மறுநடவு நடந்துவிட்டது, பலாமரம் இல்லை, பாட்டி சொன்ன இடம் பிடிபடவில்லை என்றான். செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டுதான் பலன் தரும் காலம். பிறகு பழைய மரங்களைச் சாய்த்துப் புதிதாக நடுவார்கள்.

என்-95 எப்போதோ ஓய்ந்துபோயிருந்தது. குறிப்பேடு ஓயவில்லை. அதிலிருந்த எண்களைப் புதிய கைப்பேசியில் தட்டினேன். இருவரும் போனோம். முழங்கால் உயரப் பயிருக்கும் இளங்கன்றுகளுக்கும் நடுவே கருவி எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் அங்கே ஒரு சிக்கல். செம்பனையை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். கருவியின் பிழையும் கிட்டத்தட்ட அவ்வளவே. இந்தக் கன்றா, அடுத்த கன்றா? எண்ணுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் பேரன் பாட்டியின் குரலை ஓடவிட்டான். பழைய கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றி, குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பி வைத்திருந்த பதிவு அது. “கிணத்துக் கட்டு நேரா தெரியும். என் காலுக்கு முப்பது எட்டு.” பயிரை விலக்கித் தேடினோம். பாசி பிடித்த சிமெண்டு வளையம் தென்பட்டது. பேரன் பாட்டியைப் போலவே சின்னச் சின்ன எட்டாக வைத்து நடந்தான். முப்பதாவது எட்டில் மண் சற்றே மேடாக இருந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு சிறிய கல் இருக்கிறது.

எண் எங்களை ஊர் வரைக்கும் கொண்டு சேர்த்தது. வாசல் வரைக்கும் கொண்டு சேர்த்தது பெரியம்மாவின் சொல்தான். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் வெறுங்கையோடு திரும்பியிருப்போம்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் தோட்டத்தை அறிந்த பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். இன்று பெரும்பாலான கைப்பேசிகள் என்-95ஐ விடத் திறமையானவை. அவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். கோவில், பள்ளி, கிணறு, இடுகாடு என ஒவ்வோர் இடத்திலும் நின்று எண்ணைக் குறியுங்கள். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள். நான்கோடு நிறுத்தினால் 11 மீட்டர் வரை இடம் நழுவும். அதைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். பெரியவர் கைநீட்டிக் காட்டுவதுபோல் படம் எடுங்கள். எதிலிருந்து எத்தனை எட்டு என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதியுங்கள்.

நிலத்தை வாங்கி வைக்க நம்மில் பலருக்கு வசதியில்லை. அதன் அடையாளத்தை வாங்கி வைக்கக் காசு வேண்டாம். பெரியவர் இருக்கும்போதே ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.