தொட்டுப் பாக்கலாமா சார்?

நாயோடு வாக்கிங் போகிறவனுக்குத் தனிமை என்று ஒன்று கிடையாது. நான் தனியாக நடந்தால் கள்ளக்குறிச்சியில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருபது வருஷம் பத்திரிகையில் எழுதியும் கிடைக்காத கவனம், கையில் பிடித்த கயிற்றின் மறுமுனையில் ஒரு நாய் வந்ததும் கிடைத்துவிட்டது. கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு லாரிக்கு ஒதுங்கி நின்றால்கூட கிளீனர் தலையை நீட்டி, "சார், கடிக்குமா?" என்கிறார்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. அதுவே ஒரு சிக்கல். தெருவில் நின்று "டேய் மணி, வாடா!" என்று கத்தினால் டீக்கடை மாஸ்டரும் எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மணி நாட்டு நாய். செம்பட்டை நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். தெரிந்தவர்களிடம் உருண்டு புரளும். தெரியாத கை ஒன்று தலைக்கு மேலே வந்தால் மட்டும் உடம்பு விறைத்துவிடும். குட்டியில் யாரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டதோ, யாருக்குத் தெரியும்?

தொட வருகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரண்டாவது, தேய்பிறை அஷ்டமியன்று "பைரவா..." என்று கும்பிட்டு பிஸ்கெட் நீட்டுகிற அம்மாக்கள். மூன்றாவதுதான் ஆபத்தான ரகம். "நம்மகிட்ட ஒண்ணும் பண்ணாது சார். எங்க வீட்லயும் நாய் வளர்த்திருக்கோம்" என்றபடி நேராகத் தலையில் கை வைக்கிற அண்ணன்கள். அவர்கள் வீட்டு நாய் அவர்களைக் கடிக்காது, சரி. அந்த உத்தரவாதம் என் வீட்டு நாய்க்கும் எப்படி செல்லும்?

நாய் கடிப்பதற்கு முன் நோட்டீஸ் கொடுக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். பிறகு உறுமல். இத்தனை நோட்டீஸையும் படிக்காமல் கையை நீட்டுகிறவருக்குத்தான் கடைசியில் பல் பதிகிறது. வால் ஆட்டினாலே பாசம் என்பதும் பாதி உண்மைதான். விறைத்து நின்றபடி வாலை மட்டும் ஆட்டுகிற நாய் பதற்றத்தில் இருக்கிறது.

நான் பி.காம் படித்தவன். பற்று வரவு பார்க்காமல் இருக்க முடியாது. தொட்டுப் பார்க்கும் ஐந்து விநாடி சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியது நினைவிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ரேபிஸ். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக மரணம்தான். 1885-ல் லூயி பாஸ்டர் ஊசி போட்டு ஒன்பது வயதுப் பையனைக் காப்பாற்றினார். 1907-லேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. இன்றைக்கும் சிலர் கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைக்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம். பல் பட்டாலோ நகம் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. ஊசி இலவசம்.

ஆகவே, 'தொடாதீங்க' என்று சொல்லிவிட வேண்டியதுதானே?

அங்கேதான் இடிக்கிறது.

என்னோடு காலையில் நடக்கிற நண்பர் ஒரு லேப்ரடார் வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஒருநாள் நாய்க்குத் தோலில் ஏதோ புண், மருந்து தடவியிருந்தார். கரும்பு வெட்டப் போகிற கூட்டத்திலிருந்து ஒரு சின்னப் பையன் ஓடிவந்து கையை நீட்டினான். நண்பர் பதறிப்போய், "தொடாத! தள்ளி நில்லு!" என்றார். பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பின்னால் வந்த அவன் அப்பா சத்தமில்லாமல் கேட்டார்: "நாயத் தொட்டாலும் தீட்டுங்களா சார்?"

நண்பருக்கு நாக்கு எழவில்லை. புண்ணைக் காட்டினார், மருந்து என்றார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நம்பினாரா என்று எங்களுக்குத் தெரியாது.

உலகத்தில் வேறெங்கே சொன்னாலும் 'தொடாதே' என்பது ஒரு வார்த்தை. நம் ஊரில் அது ஒரு சரித்திரம். தலைமுறை தலைமுறையாக அந்த வார்த்தையைக் கேட்டு ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நம் எதிரே நடந்து வருகிறார்கள். நாய்க்கும் இதில் பங்கு உண்டு. நம் தெருநாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'பரையா டாக்'. பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து எடுத்த சொல். மனிதனையும் நாயையும் ஒரே வார்த்தையில் அவமானப்படுத்திய காரியம் அது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மணியைப் பார்த்ததும், 'கடிக்குமா?'வுக்கு அடுத்து வருகிற கேள்வி, "என்ன ஜாதி சார்?" ராஜபாளையமா, கன்னியா, சிப்பிப்பாறையா, கோம்பையா? 2005-ல் அஞ்சல்துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வெளியிட்டது. மணிக்கு அந்த யோகம் இல்லை. "நாட்டு நாய்தாங்க" என்றால், "ஓ... சாதா நாயா" என்று பாதிப் பேர் அப்படியே நடையைக் கட்டுகிறார்கள். ஜாதி இல்லாததால் மணிக்கு மிச்சமாகிற நிம்மதி அது!

ஸ்வீடனில் 2012-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தால், 'இந்த நாய்க்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்' என்று அர்த்தம். பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். நம் ஊரில் மஞ்சள் கட்டினால் வேண்டுதல் என்று நினைத்துக் காசு போடுவார்கள். இல்லாவிட்டால், 'சார் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு போல' என்பார்கள்.

கல்வராயன் மலையில் இந்தப் பிரச்னையே இல்லை. வெள்ளிமலைப் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில், மரவள்ளிக்காட்டில் பன்றி விரட்ட நாய் வைத்திருப்பார்கள். வருகிறவர் தள்ளி நின்று குரல் கொடுப்பார். வீட்டுக்காரர் வந்து நாயை அதட்டிய பிறகுதான் அடுத்த அடி. அங்கே நாய் வேலைக்காரன். வேலை பார்க்கிறவனைக் கன்னத்தில் கிள்ளிக் கொஞ்சலாமா என்று யாரும் கேட்பதில்லை. டவுனுக்கு வந்த பிறகுதான் அது பொம்மையாகிவிட்டது.

நான் கடைப்பிடிக்கிற வழி ரொம்பச் சின்னது. வாக்கியத்தில் எழுவாயை மாற்றிவிடுகிறேன். 'நீ தொடாதே' என்பதில்லை. "இவனுக்குப் புது ஆளுன்னா பயம் தம்பி." அவ்வளவுதான். தள்ளி நிற்க வேண்டியவன் அந்தப் பையன் இல்லை, பயந்தாங்கொள்ளி என் நாய்தான் என்று ஆகிவிடுகிறது. சொல்லிக்கொண்டே கயிற்றைச் சுருக்கி, நாய்க்கும் ஆளுக்கும் நடுவில் நான் நின்றுகொள்கிறேன். பையன் முகம் வாடுவதற்குள் ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன். "இந்தா பிஸ்கெட். கீழ போடு, வந்து எடுத்துப்பான்." தொடவில்லை, ஆனால் உறவு ஆகிவிட்டது. அன்பான அண்ணன்களுக்கு இது போதாது. அவர்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்துவிட வேண்டியதுதான்.

மணி தானாகப் போய் மோந்து பார்த்து, உடம்பைத் தளர்த்தி நின்றால் மட்டும் அனுமதி. பக்கவாட்டில் நிற்கணும். தலைக்கு மேலே கை வரக்கூடாது, நெஞ்சிலோ தாடைக்குக் கீழேயோ மூன்று விநாடி தடவலாம். பிறகு கையை எடுத்துவிடணும். இன்னும் வேண்டுமென்றால் அதுவே மூக்கால் இடிக்கும். வேண்டாமென்றால் நகர்ந்துவிடும். நகர்ந்துவிட்டால் வழக்கு முடிந்தது, அப்பீல் கிடையாது.

போன மாசம் ஒரு சின்னப் பெண், தூரத்தில் நின்றபடியே கேட்டாள்: "அங்கிள், தொட்டா அதுக்குப் பிடிக்குமா?"

கடிக்குமா என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். பிடிக்குமா என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். "அதுகிட்டயே கேளும்மா" என்றேன். கையைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். மணி அரை நிமிஷம் யோசித்தது. மோந்தது. கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"இன்னிக்கு வேணாமாம்" என்று சிரித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.