அடுத்த வாரம்

அப்பா தாம்பரம் மின்ரயில் ஷெட்டில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். பழுதுக்குக் கொடுத்த எந்தப் பொருளைப் பற்றியும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்னிக்கு வெளிய விடுறாங்க?" மிக்ஸி, கைக்கடிகாரம், என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. என்ன பழுது, எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் அப்புறம்தான். ஷெட்டுக்குள் ஒரு ரயில் வந்தால் அது என்றைக்கு, எத்தனை மணிக்கு வெளியே போகும் என்று பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவார்களாம். முடியாது என்று தெரிந்தால் அழித்துவிட்டு வேறு தேதி எழுத வேண்டும். அழித்தவர் பதிவேட்டில் ஏன் என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். "காலையில அந்த வண்டிய நம்பி பிளாட்பாரத்துல ஜனங்க நிக்கும்டா" என்பார்.

2015 டிசம்பரிலிருந்து மூன்று மாதங்களுக்கு மேல் அதே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பேச்சு குழறும். அந்த வருடம் செப்டம்பரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாரத்தில் மூன்று நாள் சேலையூரில் ஒரு பிசியோதெரபி மையத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதில் வருவது வந்தால்தான் உண்டு என்று அங்கிருந்த பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். நவம்பர் கடைசியில் அப்பா வலது கையால் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைப் பிடித்து, தூக்க முடியாவிட்டாலும், மேசையில் அரை அடி நகர்த்தினார். அம்மா அந்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

எங்கள் வீடு முடிச்சூரில். நவம்பர் மழையிலேயே ஒருமுறை தண்ணீர் தெருவுக்குள் வந்து வடிந்திருந்தது. டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர் என்று பிறகு படித்தோம். அன்றிரவு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் படியேறி வருகிறது என்பதுதான். அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் மாடி வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு மேலே போனோம். மாடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது காரின் கண்ணாடிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. மூன்றரை வருடத்து வண்டி. கடன் முடிய இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் சொன்னது ஒன்றே: சாவியைத் திருப்பாதே. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே கம்பி வளைந்துவிடும். அதற்கென்று தனியாக ஒரு காப்பீடு எடுத்திருந்தால் ஒழிய, அது உன் தப்பு என்று இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். நான் அந்தத் தனிக் காப்பீட்டை எடுத்திருக்கவில்லை. சாவியையும் திருப்பவில்லை. ரெக்கவரி வண்டிக்கு வரிசை. டிசம்பர் 14, திங்கட்கிழமைதான் எங்கள் முறை வந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஒரு டீலரின் சர்வீஸ் சென்டரில் இறக்கினார்கள். வாசலிலிருந்து சாலை வரை சேறு பூசிய வண்டிகள் நின்றன.

ஜாப் கார்டு போட்ட சர்வீஸ் அட்வைசருக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். தூக்கமில்லாத கண். "சர்வேயர் வந்து பாத்துட்டார்னா பத்து நாள்ல முடிச்சிடலாம் சார்" என்றான்.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார். "பத்து நாள்பா" என்றேன். தலையாட்டினார். தேதி போட்டாயிற்று என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

இந்த இடத்தில் ஆட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரில் முன் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, அப்பாவை முதலில் பக்கவாட்டில் உட்காரவைத்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைப்போம். ஆட்டோவில் அது நடக்காது. படி உயரம், கூரை தாழ்வு, மடங்காத கால். ஒரே ஒரு முறை முயன்றோம். கால் மாட்டிக்கொண்டு அவர் சரிய, டிரைவரும் நானும் பிடித்தோம். அதற்குப் பிறகு ஆட்டோ என்றாலே அப்பா இடது கையை ஆட்டிவிடுவார். கால் டாக்ஸி கூப்பிடலாம். போக, அங்கே காத்திருக்க, வர என்று ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறு ரூபாய். பிரிட்ஜ், மெத்தை, தண்ணீர் மோட்டார் எல்லாம் போயிருந்த மாதம் அது. ஒரு வாரம் பொறுத்தால் வண்டி வந்துவிடுமே என்று நினைத்தேன்.

அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு வாரமும் போயிற்று.

முதலில் சர்வேயர் வரவில்லை. ஒவ்வொரு சர்வேயருக்கும் அப்போது நூற்றுக்கணக்கில் வண்டி என்றார்கள். நம்பினேன். அது உண்மையாகவும் இருக்கலாம். டிசம்பர் கடைசியில் அவர் வந்து பார்த்து எஸ்டிமேட் ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றானது. ஜனவரியில் இருக்கை, கார்ப்பெட் எல்லாவற்றையும் கழற்றினார்கள். பிறகு வயரிங் ஹார்னஸ் போய்விட்டது, கம்ப்யூட்டரும் போய்விட்டது என்று இரண்டாவது எஸ்டிமேட் வந்தது. இப்போது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று எழுதிப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். என் வண்டியின் மதிப்பு மூன்று லட்சத்து நாற்பதாயிரம். தாண்டவில்லை. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதிப் பணம்தான் வரும், மீதி என் கையிலிருந்து.

செலவு ஏன் கூடியது என்று பின்னால் புரிந்தது. சேற்றுத் தண்ணீர் புகுந்த வயர் முனைகள் முதல் நாளே கெட்டுவிடுவதில்லை. கழற்றித் துடைத்து உலர்த்தினால் பல பிழைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் பச்சை பூத்து, வாரம் ஒன்றாகச் செத்துக்கொண்டே வரும். வண்டி சும்மா நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே கெட்டுக்கொண்டிருந்தது.

போன் செய்தால் அந்தப் பையன் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை. "சார், பார்ட்ஸ் வந்துட்டிருக்கு சார். வர்ற வியாழக்கிழமை கண்டிப்பா." வியாழக்கிழமை போன் எடுக்க மாட்டான். வெள்ளிக்கிழமை எடுத்து, "அடுத்த வாரம் சார்" என்பான். என் டைரியில் குறித்து வைத்தேன். மொத்தம் பதினோரு 'அடுத்த வாரம்'. கம்பெனியின் இலவச எண்ணுக்குப் பேசினேன். புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு நாளில் புகார் நல்லபடியாகத் தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. மறுபடி புகார். மறுபடி தீர்ந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் அறையில் ஒரு சனிக்கிழமை கத்தினேன். காபி வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா காலையும் மாலையும் அப்பாவின் கையைப் பிடித்து நீட்டி மடக்குவாள். மையத்தில் செய்தது போல அவளுக்கு வராது. அப்பா வலி என்று முகம் சுளித்தால் விட்டுவிடுவாள். பொங்கல் கழிந்த பிறகு டம்ளர் விளையாட்டையும் விட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் வரவேற்பறையில் யாரும் இல்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனேன். 'வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைத் தாண்டினால் தகரக் கூரையின் கீழே வரிசையாக வண்டிகள். எல்லா வண்டியிலும் ஒரே உயரத்தில் சேற்றுக் கோடு. என் வண்டி ஓரமாக, பானெட் திறந்து, உள்ளே இருக்கை இல்லாமல், கதவுகளின் உள்பக்கம் உரித்தபடி நின்றது. கண்ணாடியில் ஒரு தாள்: பார்ட்ஸ் வெயிட்டிங். பக்கத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வண்டியா சார்? ஹார்னஸ் ஆர்டர் போட்டதே போன வாரந்தானே. வர்றதுக்கே ரெண்டு வாரம். அப்புறம் மாட்டணும், செக் பண்ணணும். பங்குனி பொறந்துரும். உங்ககிட்ட சொல்லலியா?"

ஜனவரியிலிருந்து "வந்துட்டிருக்கு" என்று சொன்ன சாமானுக்குப் போன வாரம்தான் ஆர்டர். இன்சூரன்ஸ் இரண்டாவது எஸ்டிமேட்டை ஒப்புக்கொள்ளாமல் அவர்கள் ஆர்டர் போட மாட்டார்கள். நடுவில் டோட்டல் லாஸ் ஆனால் அந்தச் சாமான் அவர்கள் தலையில் விழும். காரணம் நியாயமானதுதான். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

பையனைத் தேடிப் பிடித்தேன். கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. "மூணு மாசம் ஆகும்னு மொத நாளே தெரியுமா தம்பி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு சொன்னான். "தெரியும் சார். ஆனா மூணு மாசம்னு சொன்னா நீங்க இங்கயே நின்னு சத்தம் போடுவீங்க. அடுத்த வாரம்னு சொன்னா போயிடுவீங்க. ஒரு நாளைக்கு நாப்பது பேர் சார்."

அவன் பொய் சொல்லாத முதல் வாக்கியம் அது. அவன்மேல் கோபம் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது, அதுவும் அவன்மேல் இல்லை. டிசம்பரில் அவன் "மார்ச்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். அடுத்த நாள் கடன் வாங்கியாவது மாதக் கணக்கில் ஒரு டாக்ஸி பேசியிருப்பேன். மூன்று மாதத்துக்கு மாற்று ஏற்பாடு செய்பவன், ஒரு வாரத்துக்குச் செய்ய மாட்டான். தாமதத்தைத் தாங்கலாம். துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்த தாமதம்தான் நம்மை ஒன்றும் செய்யவிடாமல் உட்காரவைத்துவிடுகிறது.

இன்னொன்றும் அந்தப் பஸ்ஸில் உறைத்தது. அவன் எனக்குச் சொன்ன ஒவ்வொரு 'அடுத்த வார'த்தையும் நான் அப்படியே கொண்டுபோய் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொன்னேன். சொன்னால் அவர் மேற்கொண்டு கேட்க மாட்டார் அல்லவா? அந்தப் பையன் எனக்குச் செய்ததை நான் அப்பாவுக்குச் செய்துகொண்டிருந்தேன். அவனுக்காவது நாற்பது பேர். எனக்கு ஒருவர்தான்.

மார்ச் 19, சனிக்கிழமை வண்டி வந்தது. 96 நாள். கழுவித் துடைத்து, ஸ்டியரிங்கில் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு சாக்லேட்டும் வைத்திருந்தார்கள். உள்ளே ஈர வாசனை முழுக்கப் போகவில்லை. "கம்பெனியிலேர்ந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்து குடுத்துடுங்க. ஒம்பது குடுத்தாக்கூட எங்களுக்கு பெயில்தான்" என்றான் பையன்.

திங்கட்கிழமை அப்பாவைச் சேலையூருக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பெண் அப்பாவின் வலது முழங்கையை மெல்ல நீட்டினார். பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் முயன்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வண்டி இல்ல மேடம். வெள்ளத்துல..." என்றேன்.

"ஒரு போன் பண்ணிருக்கலாமே சார். வீட்டுக்கு வர்ற ஆள் இருக்காங்க. அனுப்பியிருப்பேனே."

எனக்கு அது தோன்றவே இல்லை. 'அடுத்த வாரம்' வண்டி வரப்போகிறவனுக்கு அது எப்படித் தோன்றும்?

சேவைக் குறைபாடு என்று செங்கல்பட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போகச் சொன்னார் ஒரு வக்கீல் நண்பர். மனு எழுத உட்கார்ந்தேன். பஸ் செலவு, கட்டிய தவணை, இரண்டாவது எஸ்டிமேட்டில் கூடிய தொகை என்று வரிசையாக எழுதினேன். முழங்கையை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. சேர்த்தால், ஏன் டாக்ஸி பிடிக்கவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்விக்கு மேடையேறிப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மனு பாதியில் நின்றுவிட்டது.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. மூன்று மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு தயாராக இருந்தது. அந்தப் பெண் வரிசையாகக் கேட்டாள். வண்டி சுத்தமாக இருந்ததா? அட்வைசர் மரியாதையாகப் பேசினாரா? சொன்ன தேதியில் வண்டியைக் கொடுத்தார்களா?

"இல்லை" என்றேன்.

"சிஸ்டத்துல 19ஆம் தேதின்னு இருக்கு சார். 19ஆம் தேதிதானே டெலிவரி எடுத்திருக்கீங்க?"

ஒவ்வொரு முறையும் பழைய தேதியை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அழித்த தடம் இல்லை, கையெழுத்து இல்லை. கணக்குப்படி என் வண்டி ஒருநாள்கூடத் தாமதமாகவில்லை. என்ன மதிப்பெண் சொன்னேன் என்று நினைவில்லை. ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை.

அந்த வண்டியை மூன்று வருடம் கழித்து விற்றுவிட்டேன். அப்பா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு பெருமளவு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் நெஞ்சோடு மடங்கியபடி இருக்கிறது. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆனால் ஒன்று. வீட்டில் எதற்காவது, கண் டாக்டரிடம் போவதோ குழாய் ரிப்பேரோ, நான் வாய்தவறி "அடுத்த வாரம் பாத்துக்கலாம்பா" என்றால், அப்பா இடது கையைத் தூக்கிச் சுவரில் இருக்கும் நாள்காட்டியைக் காட்டுவார்.

"தேதி சொல்லு" என்பார்.

சொல்கிறேன். சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தையும் பேனாவால் போட்டு வைக்கிறேன்.